தேக்குக் கதவின் சூடு

போன மாதம் சென்னையில் மகன் வீட்டுக் கூடத்தில் ஓர் அலமாரி வந்து இறங்கியது. டிவிக்குக் கீழே, சுவரோடு சுவராக, கதவு எங்கே இருக்கிறது என்று தேட வேண்டிய மாதிரி ஒன்று. உள்ளே ஆம்ப்ளிஃபயரும் இன்னும் இரண்டு மூன்று கறுப்புப் பெட்டிகளும். பொருத்த வந்தவர் வேலையை முடித்துக் கதவைச் சாத்திவிட்டு என் பக்கம் திரும்பினார். வீட்டில் வேலை வெட்டியில்லாமல் நின்று வேடிக்கை பார்ப்பவன் நான் ஒருவன்தானே.

"கையை வச்சுப் பாருங்க சார். சூடே தெரியாது. உள்ள ஃபேன் ஓடிட்டிருக்கு, சத்தம் கேக்குதா?"

கேட்கவில்லை. எனக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பதை அவரிடம் சொல்லவில்லை. வேலை செய்தவர் மனசு நோகக் கூடாது. கதவில் கையை வைத்தேன். சில்லென்று இருந்தது. "நல்லாச் செஞ்சிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு என் நாற்காலிக்குத் திரும்பினேன். அன்று பொழுது சாயும்வரை அதைவிட்டு எழுந்திருக்கவில்லை. மருமகள் இரண்டு முறை வந்து பிரஷர் மாத்திரை போட்டீர்களா என்று கேட்டாள்.

"கையை வச்சுப் பாருங்க" என்று நானும் ஒருவரிடம் சொல்லியிருக்கிறேன். ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. காரைக்குடியில் கல்லுக்கட்டிக் கடைத்தெருவுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு ரேடியோ கடை வைத்திருந்தேன். கடை என்றால் ஒரு பெஞ்சு, ஒரு முக்காலி, குடல் வெளியே வந்து கிடக்கும் பத்துப் பன்னிரண்டு ரேடியோக்கள். ஆனால் வாசல் போர்டில் 'ரேடியோ இன்ஜினியர்' என்று சிவப்பில் எழுதியிருந்தது. எந்தக் காலேஜ் என்று யாராவது கேட்டிருந்தால் கடையைப் பூட்டிக்கொண்டு ஓடியிருப்பேன். தபாலில் பாடம் வரவழைத்துப் படித்தவன். அதிலும் கடைசி நாலு பாடங்கள் வந்து சேரவேயில்லை. அந்த நாலில் என்ன இருந்ததோ, அது தெரியாமலேயே ஒரு தொழில் வாழ்க்கையை ஓட்டி முடித்துவிட்டேன்.

கடையில் எப்போதும் ஈயம் உருகும் வாசனை. அது என் சட்டையிலேயே ஊறிப்போனதால் எனக்குத் தெரியாது, பக்கத்தில் உட்காருகிறவர்களுக்குத்தான் தெரியும். எனக்கு இன்றைக்கும் மறக்காத வாசனை வேறொன்று. சூடேறிய பர்மாத் தேக்கின் வாசனை. பழைய தேக்குக்குள் வெப்பம் இறங்கினால் புதுச் செருப்பும் பழைய நெய்யும் கலந்த மாதிரி ஒரு மணம் வரும். அதை நான் முகர்ந்தது கொத்தமங்கலத்தில், வயிரவன் அண்ணன் வீட்டில்.

அவர் ஒருநாள் தானே கடைக்கு வந்தார். பெரிய வீட்டு ஆட்கள் பொதுவாகக் கணக்குப்பிள்ளையைத்தான் அனுப்புவார்கள். முக்காலியைத் துடைத்துப் போட்டேன், உட்காரவில்லை.

"ஒரு செட்டு ரொம்பச் சூடாகுது தம்பி. நீங்க வந்து பாக்கணும்."

"கடைக்குக் கொண்டாந்துருங்கண்ணே, ஒரு நாள்ல பாத்துத் தந்துர்றேன்."

"வெளிய எடுக்க முடியாது. எடுத்தா எல்லாருக்கும் தெரிஞ்சு போயிரும்."

கடத்தல் சரக்கு என்று முடிவு செய்துவிட்டேன். அடுத்த பஸ்ஸில் போகும்போது, போலீஸ் வந்தால் என்ன சொல்வது என்று மனசுக்குள் ஒரு வாக்குமூலமே தயார் செய்துகொண்டு போனேன்.

விஷயம் அதுவல்ல. வயிரவன் அண்ணன் பினாங்கில் கடை பார்த்தவர். மூன்று வருஷம் அங்கே, சில மாதம் இங்கே. கல்யாணமாகி எட்டு வருஷம் என்றாலும் மனைவி முகத்தைப் பார்த்த காலம் ஒன்றரை வருஷம் தேறினால் அதிகம். அவர் எழுதும் கடிதமெல்லாம் அவருடைய மூத்த அண்ணன் பேருக்கு வரும். கடைசி வரியில் 'வீட்டில் அனைவரும் சுகம்தானே' என்று இருக்கும். அந்த 'அனைவரும்' என்பதற்குள்தான் அவர் மனைவி உமையாள் ஆச்சி இருந்தார். ஆச்சி என்றதும் வயதானவர் என்று நினைத்துவிட வேண்டாம். அந்த ஊர்களில் கல்யாணமான பெண் எல்லாருமே ஆச்சிதான். உமையாள் ஆச்சிக்கு என்னைவிட இரண்டு வயது கூட இருக்கலாம், அவ்வளவுதான்.

அவர்களுக்கு மூன்று வயதில் ஒரு மகன் இருந்தான். சாத்தப்பன். நாலு நாள் காய்ச்சலில் போய்விட்டான். தந்தி பினாங்குக்குப் போய்ச் சேர்ந்தபோது, மகனுக்கென்று வாங்கிய பாட்டு செட் ஒன்று பெட்டியில் வைத்து ஆணியடித்துத் தயாராக இருந்திருக்கிறது. விட்டுவிட்டு வரவேண்டும் என்றோ கொண்டுவர வேண்டும் என்றோ அவருக்குத் தோன்றவில்லை. ஆட்கள் கப்பலில் ஏற்றிவிட்டார்கள், அதுவும் கூடவே வந்துவிட்டது. இதையெல்லாம் ஏதோ அடுத்த வீட்டுச் செய்தி மாதிரி, என்னை உள்ளே கூட்டிப் போய்க்கொண்டே சொன்னார்.

வளவு என்கிற உள்கட்டைச் சுற்றி மூன்று அண்ணன் தம்பி குடும்பங்கள். ஆளுக்கு இரண்டு அறை, தனித்தனி அடுப்பு. நடுவில் திறந்த முற்றம் பொது. இந்த மூலையில் தும்மினால் அந்த மூலையில் கேட்கும். வயிரவன் அண்ணன் அறையில் சுவருக்குள் பதித்த தேக்கு அலமாரி ஒன்று, ஆள் உயரத்துக்கு, இரட்டைக் கதவு. அதற்குள்தான் செட் இருந்தது. வால்வு ஆம்ப்ளிஃபயர், ரெகார்டு சுழலும் தட்டு, இரண்டு ஸ்பீக்கர். இப்போதுள்ளவர்களுக்கு வால்வு என்றால் தெரியாது. கண்ணாடிக் குப்பிக்குள் செக்கச்செவேலென்று கம்பி எரியும். ஒன்றைத் தொட்டால் கை கொப்பளித்துவிடும். அப்படி ஏழெட்டை அலமாரிக்குள் வைத்துப் பூட்டினால் அது அடுப்புதான்.

"கதவைத் தெறந்து வச்சாலே பாதி சூடு போயிரும்ணே."

"துக்கத்துக்கு இன்னும் வருசம் திரும்பல தம்பி. பாட்டு வைக்கிறோம்னு தெரிஞ்சா என்ன சொல்லுவாக?"

அப்புறம்தான் முழுக்கச் சொன்னார். அவர் வந்து சேர்ந்தபோது ஆச்சி உள்ளறையில் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாராம். அழுகை இல்லை, பேச்சு இல்லை, சாப்பாடு பேருக்கு. ஒரு மத்தியானம் செட் ஓடுகிறதா என்று பார்க்க, கதவைச் சாத்தி மெதுவாக ஒரு வீணை ரெகார்டு போட்டிருக்கிறார். அரைமணி போனதும் உள்ளறையிலிருந்து ஆச்சி எழுந்து வந்து, அலமாரிக் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருக்கிறார். சாயந்திரம் தானாகவே சோறு போட்டுச் சாப்பிட்டாராம். மறுநாளும் அப்படியே. அதிலிருந்து தினமும் மத்தியானம் ரெகார்டு. ஆனால் ஒன்றரை மணி நேரத்தில் செட் இளகிப்போய்க் குரல் குழறும், மெழுகு உருகும் வாசனை வரும். டேபிள் ஃபேன் ஒன்றை உள்ளே வைத்துப் பார்த்திருக்கிறார். அலமாரியே உறுமியது. முற்றத்துக்கு அந்தப் பக்கமிருந்து மூத்த அண்ணன் மனைவி, "உங்க அறையில என்ன மாவு மில்லா ஓடுது?" என்று கேட்டுவிட்டார்.

"இந்தச் செட்டு எரிஞ்சு போச்சுன்னா அவ மறுபடி போயிப் படுத்துருவா தம்பி. எனக்கு வேற ஒண்ணும் தெரியல. சத்தமில்லாம ஆறணும். அம்புட்டுதான்."

அவர் பேசிக்கொண்டிருக்கும்போது நான் ஆச்சியைப் பார்த்தேன். அலமாரியை ஒட்டித் தரையில் கால் நீட்டி, எங்கள் பக்கம் பார்க்காமல், கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். ரெகார்டு முடிந்து ஊசி கடைசிக் கோட்டில் 'கிர்க் கிர்க்' என்று தேய்ந்துகொண்டிருந்தது. அப்போதும் அசையவில்லை. நான் ரேடியோ இன்ஜினியர் அல்லவா, உடனே தீர்ப்புச் சொன்னேன். "பாட்டுல அப்படியே கரைஞ்சுட்டாகண்ணே." அவர் முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாக ஒரு தெளிவு வந்தது. பாட்டே இல்லாத நேரத்தில் ஆச்சி எதில் கரைந்தார் என்று யோசிக்க எனக்கும் தோன்றவில்லை, அண்ணனுக்கும் தோன்றவில்லை.

அந்த வேலைக்கு நாலு நாள் பிடித்தது. காற்றுக்கு ஃபேன் வேண்டியதில்லை, வழி விட்டால் சூடு தானாக மேலே ஏறிப் போய்விடும் என்பது எனக்கு வந்து சேர்ந்த பாடங்களிலேயே இருந்தது. அலமாரிக்கு மேலே சுவரைக் குடைந்து, பின்கட்டுச் சாமான் அறைக்குள் ஒரு தகரக் குழாய் விட்டேன். செங்கலும் சுண்ணாம்பும் ஒரு முழத்துக்கும் மேல் கனம். சத்தம் போட்டு இடிக்கக் கூடாது என்று உளியைத் துணியில் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டினோம். சுரண்டினோம் என்றால் நானும் வயிரவன் அண்ணனும். ஆள் வைத்தால் ஊருக்குத் தெரியும் என்று அவரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். பினாங்கில் பத்துப் பேரை வேலை வாங்கியவர், தலையெல்லாம் சுண்ணாம்பாக, இருமிக்கொண்டு எனக்குச் சட்டி பிடித்தார். கதவுக்குக் கீழே இருக்கிற பலகையில் காற்று நுழைய ஓட்டை போட வேண்டும். வெறும் ஓட்டையாகப் போட என் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. ஏழு ஓட்டைகளைப் பூ மாதிரி போட்டேன். ஆறாவது கோணிக்கொண்டு போய், பூவுக்குப் பல் விழுந்த மாதிரி ஆகிவிட்டது. உள்ளே ஆம்ப்ளிஃபயரைப் பீங்கான் கட்டைகள் மேல் தூக்கி வைத்து, தரையிலிருந்து வரும் குளிர்ந்த காற்று கதவின் உட்புறத்தை ஒட்டியே மேலே போகும்படி ஒரு தகரத் தடுப்பும் வைத்தேன். இது என் சொந்த மூளை. எந்தப் பாடத்திலும் இல்லை.

ஐந்தாம் நாள் மத்தியானம் செட்டை மூன்று மணி நேரம் ஓடவிட்டோம். குரல் குழறவில்லை. ஒரு உறுமல் இல்லை.

"கதவுல கையை வச்சுப் பாருங்கண்ணே" என்றேன்.

வைத்துப் பார்த்தார். இரண்டு கையையும் வைத்துப் பார்த்தார். "செட்டு ஓடுதா இல்லையான்னே தெரியலையே தம்பி!" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் பாதி தூரம் நடந்தே வந்தேன்.

பத்து நாள் கழித்து மறுபடி கடை வாசலில் நின்றார்.

"செட்டு நிக்கவே மாட்டேங்குது, அருமையாப் பாடுது. ஆனா அவ வந்து ஒக்கார மாட்டேங்குறா. ரெண்டு நாள் வந்து சாஞ்சு பாத்தா. எந்திரிச்சு உள்ள போயிட்டா. திரும்பவும் படுத்த படுக்கைதான். பாட்டுல ஏதும் கொறையாத் தெரியுதோ என்னவோ, வந்து பாருங்க."

போனேன். ஒவ்வொரு வால்வாகப் பார்த்தேன், ஊசியைப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. "எந்தப் பாட்டு பிடிக்கும்னு நீங்களே கேட்டுருங்களேண்ணே" என்றேன். அவர் கொஞ்சம் கூச்சத்தோடு, "என்னன்னு கேக்குறது?" என்றார். கிண்டல் இல்லை. உண்மையிலேயே அவருக்குத் தெரியவில்லை. அப்புறம் முன்கட்டில் யாரோ கூப்பிட, எழுந்து போனார்.

நான் கதவைத் திறந்து வைத்துத் தகரத் தடுப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். பின்னால் நிழல் விழுந்தது. ஆச்சி. அந்த வீட்டுப் பெண்கள் வெளி ஆண்களோடு நின்று பேசுவது வழக்கமில்லை. நான் எழுந்திருக்கப் போனேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

"செட்டுல ஒண்ணும் இல்ல. அதைப் பிரிச்சுப் போடாதீக."

"பாட்டு சரியாக் கேக்கலையா ஆச்சி?"

"பாட்டு கேக்கன்னு நான் ஒக்காரல." அப்புறம் அரிசி இருக்கிறது, பருப்பு இல்லை என்கிற குரலில் சொன்னார். "தூக்கம் வந்தா பய என் முதுகுலதான் சாஞ்சு தூங்குவான். மத்தியானத்துல. கதவு அப்படி வெதுவெதுன்னு இருந்துச்சு. அதுக்குத்தான் ஒக்காந்தேன். இப்பச் சில்லுனு இருக்கு."

என் கையில் தகரம் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. வருத்தம் வந்தது என்று சொன்னால் பொய். வெகுநேரம் மடக்கி உட்கார்ந்த கால் மரத்துப்போய், தொட்டாலும் நம்முடையது என்று தெரியாமல் இருக்குமே, அப்படித்தான் இருந்தது.

"பழையபடி ஆக்கிர்றேன் ஆச்சி. அஞ்சு நிமிச வேலை. அண்ணன்கிட்டச் சொல்லி..."

"அவுககிட்டச் சொல்லாதீக" என்றார் சட்டென்று. "நாலு நாளு சுண்ணாம்புத் தூசியில நின்னாக. இருமிக்கிட்டே நின்னாக. நான் உள்ளேருந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

உள்ளே போய்விட்டார். எட்டு வருஷத்தில் அவர் கணவரிடம் இவ்வளவு நீளமாகப் பேசியிருப்பாரா என்று அப்போது ஒரு எண்ணம் வந்தது.

நான் சொல்லவில்லை. ஆனால் சும்மா இருக்கவும் முடியவில்லை. என் பையில் கை துடைக்கிற பழைய காடாத் துணி ஒன்று இருந்தது. அதைச் சுருட்டி, மேலே சூடு போகிற குழாயில் திணித்துவிட்டேன். செட்டு கொஞ்சம் சீக்கிரம் செத்தால் சாகட்டும், பேர் கெட்டால் கெடட்டும் என்று நினைத்தேன். இருபத்தாறு வயதில் அது எனக்குப் பெரிய தியாகமாகத் தெரிந்தது. திரும்பி வந்த அண்ணனிடம், "ஒரு ஒயர் இளகியிருந்துச்சு, சரி பண்ணிட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பிறகு ஒரு மாதம் தகவல் இல்லை. ஊசி மாற்ற வேண்டும் என்று ஆள் வந்தது. நான் போனபோது மத்தியானம். வீணை ஓடிக்கொண்டிருந்தது. ஆச்சி அலமாரிக் கதவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நாலு அடி தள்ளி வயிரவன் அண்ணன் தரையிலேயே உட்கார்ந்து, ரெகார்டு உறைகளைப் பரப்பி வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் கண்ணால் ஆச்சியைக் காட்டிச் சிரித்தார். நமது வேலை பலித்தது என்று அர்த்தம். என் துணிதான் பலித்திருக்கிறது என்று எனக்குள் ஒரு அற்ப சந்தோஷம்.

ஊசியை மாற்ற ஆச்சி எழுந்து இடம் விட்டார். கதவைத் திறக்கக் கையை வைத்தேன். சில்லென்று இருந்தது. திறந்து அண்ணாந்து பார்த்தேன். குழாயில் துணி இல்லை.

வேலை முடிந்து பையை எடுக்கும்போது ஆச்சி உள்ளேயிருந்து வந்தார். கையில் என் காடாத் துணி. வெளுத்து, நாலாக மடித்திருந்தது.

"போன தடவை மறந்து வச்சுட்டுப் போயிட்டீக" என்று கணவர் முன்னாலேயே கொடுத்தார். குரலில் ஒன்றும் இல்லை. முகத்திலும் ஒன்றும் இல்லை. பிறகு போய் அந்தக் குளிர்ந்த கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டு, கணவரைப் பார்த்து, "அந்த முதல்ல வச்சதையே வைங்க" என்றார். அவர் அவசர அவசரமாக உறைகளைக் கலைத்துத் தேடினார்.

வயிரவன் அண்ணன் என் வேலையைப் பற்றி ஊரெல்லாம் சொன்னார். துக்கத்துக்கு வருஷம் திரும்பிய பிறகுதான் சொன்னார். கீழச்சிவல்பட்டி, கண்டரமாணிக்கம் என்று பெரிய வீடுகளிலிருந்து ஆள் வந்தது. அலமாரிக்குள் சத்தமில்லாமல் ஆறும் செட்டு என்றால் நான்தான் என்று ஆனது. எத்தனையோ கதவுகளில் கையை வைத்துப் பாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன். கொத்தமங்கலத்துக்கு மட்டும் அப்புறம் போகவில்லை. ஒரு தீபாவளிக்கு அங்கிருந்து எனக்கு வேட்டி துண்டு வந்தது. அடுத்த தடவை கப்பலேறும்போது அண்ணன் ஆச்சியையும் கூட்டிக்கொண்டு போனார் என்று கேள்விப்பட்டேன். அந்த அறைகள் அப்போது பூட்டியவைதான்.

பல வருஷம் கழித்து, கடையை மூடுகிற சமயத்தில், காரைக்குடியில் பழைய சாமான் விற்கிற தெரு வழியாக வந்துகொண்டிருந்தேன். ஒரு கடை வாசலில் சுவரிலிருந்து பெயர்த்தெடுத்த தேக்கு அலமாரி, சட்டத்தோடு நிறுத்தி வைத்திருந்தது. கதவுக்குக் கீழே பலகையில் ஏழு ஓட்டை. ஆறாவது கோணல்.

குனிந்து பார்த்துக்கொண்டே நின்றேன். கடைக்காரர் வந்தார். "பர்மாத் தேக்கு. கேரளாவுல ஒரு ஓட்டல்காரர் கேட்டிருக்காரு. இந்த ஓட்டையத்தான் என்னத்துக்குப் போட்டாய்ங்கன்னு தெரியல. எலி போறதுக்குப் போட்ட மாதிரி. அடைச்சுப் பாலிஷ் போட்டுத் தந்துருவோம். நீங்க வாங்குறீகளா?"

"இல்ல, சும்மா பாத்தேன்" என்றேன்.

அவர் உள்ளே போனதும் கீழே உட்கார்ந்தேன். கதவில் முதுகைச் சாய்த்துப் பார்த்தேன். சித்திரை வெயில், ஆனால் கடை வாசலில் பந்தல் நிழல். மரம் சில்லென்றுதான் இருந்தது. நான் செய்த வேலை அல்லவா, அவ்வளவு வருஷம் கழித்தும் சூடே தெரியவில்லை. எவ்வளவு நேரம் அந்தக் கதவில் ஒருவர் இப்படி உட்கார முடியும் என்று பார்த்தேன். என்னால் ஐந்து நிமிஷம் முடியவில்லை. சுண்ணாம்புத் தூசியில் நின்றவருக்காக ஆச்சி மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தார்.

வால்வு போய்விட்டது. ரெகார்டும் அதன் ஊசியும் போயின. மகன் வீட்டு அலமாரி ராத்திரி பகல் எந்நேரமும் குளிர்ந்தே இருக்கிறது. எல்லாரும் வெளியே போயிருந்த ஒரு மத்தியானம், உள்ளே ஓடும் அந்தச் சின்ன ஃபேனின் ஒயரைத் தேடிப் பிடுங்கிவிட்டுப் பாட்டைப் போட்டேன். கதவைச் சாத்தி, அரைமணி நேரம் கழித்துக் கையை வைத்தேன். கொஞ்சம், மிகக் கொஞ்சம் வெதுவெதுப்பு வந்திருந்தது. கையை எடுக்கவில்லை. மருமகள் வருவது ஜன்னல் வழியாகத் தெரிந்ததும், எழுந்து ஒயரை மறுபடி சொருகிவிட்டேன்.